அத்தான் எஞ்சினியர் அல்ல

அத்தான் காலமாகி முப்பத்தோராம் நாளான இன்று இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளே, என் அக்காவின் கணவரைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொன்னவற்றில் ஒன்று பொய். அதைத் திருத்தவே இதை எழுதுகிறேன்.

அத்தான் இங்கிலாந்தின் வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரில், சுரங்கத் தொழிலாளி ஒருவரின் கடைசி மகனாகப் பிறந்தார். பதினேழு வயதில் ஊர் அணியில் ரக்பி லீக் ஆடத் தொடங்கினார். பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். பந்தைக் கையால் பின்னுக்குத்தான் எறியலாம். பந்தோடு வருபவனை உடம்பால் மறித்து விழுத்த வேண்டும். அத்தான் முன்வரிசைக்காரர், அதாவது முதல் அடி வாங்குபவர். அதற்குச் சம்பளமும் வாங்கினார். மூக்கு மூன்று முறை உடைந்தது. நினைவிழந்து விழுந்து, எழும்பி, மிச்ச ஆட்டத்தையும் ஆடி முடித்த நாட்கள் உண்டு. அணி இறுதியாட்டத்துக்குத் தகுதிபெற்ற வாரம் பார்த்துத் தோள்மூட்டு விலகியது. ஆட்டத்தை மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி வானொலியில் கேட்டார், அணி தோற்றது. அங்கே தாதியாக இருந்தவர் அக்கா. "தோத்ததுக்கு அழுதவர், தோளுக்கு அழேல்லை" என்று இன்றும் சொல்லுவா.

முழங்கால் போனதும் ஆட்டத்தை விட்டு, அக்காவோடு கனடாவின் மொன்றியலுக்கு வந்து, ரொக்ஸ்பரோ பகுதியில் குடியேறினார். பண்டகசாலை ஒன்றில் வேலை. அம்மாவுக்கோ வெள்ளைக்கார மருமகன் என்பதே பெரும்பாடு. பந்தோடு ஓடிச் சம்பாதித்தவர் என்று சனத்துக்கு எப்படிச் சொல்வது? "மாப்பிள்ளை எஞ்சினியர்" என்று சொல்லிவிட்டார். நாங்களும் ஒத்தூதினோம். ஒருமுறை வீட்டுச் சுவரில் வெடிப்பு என்று மாமா ஒருவர் அத்தானைக் கூட்டிப்போய்க் காட்டினார். அத்தான் சுவரைத் தட்டிப் பார்த்து, "கொஞ்சம் பொறுத்துப் பாப்பம், மாமா" என்றார். அவர் கற்ற தமிழில் முக்கால்வாசி எங்கள் பொய்யைக் காப்பாற்றவே செலவானது.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தானுக்கு மறதி தொடங்கியது. அக்காவுக்கு வேலை என்பதால் டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். என்ன தொழில் செய்தவர் என்று டாக்டர் பிரெஞ்சில் கேட்டார். பழக்கதோஷம், எஞ்சினியர் என்று வாயில் வந்துவிட்டது. காரில் ஏறியதும் அத்தான் அது என்ன கேள்வி என்று விசாரித்தார். சொன்னேன்.

"தம்பி, நான் விளையாடினனான். அதைச் சொல்லியிருக்கலாம்."

"பேந்து சொல்லுறன், அத்தான்."

சொல்லவில்லை. பல மாதங்கள் கழித்து அக்கா சொன்ன பிறகுதான், தலையில் வாங்கிய அடிகளைப் பற்றி டாக்டர் விசாரித்தார். முன்பே தெரிந்திருந்தாலும் வைத்தியம் மாறியிராது என்றார். எனக்கு மனம் ஆறவில்லை. இப்போதும் ஆறவில்லை.

கடைசி மாதங்களில் அத்தானைக் குளிப்பாட்டி உணவூட்டிய பராமரிப்பு இல்லத் தாதியருக்கும், முறை வைத்துச் சமைத்துத் தந்த அயலவருக்கும் எங்கள் நன்றி. இங்கிலாந்திலிருந்து வந்து பிரேதப் பெட்டி சுமந்த, மூக்கு வளைந்த அந்த இரு முதியவர்களுக்கும் நன்றி. அவர்களை உங்களுக்கு அலுவலக நண்பர்கள் என்றே அறிமுகம் செய்தேன். அவர்கள் அத்தானின் அணித் தோழர்கள்.

பெட்டிக்குள் அத்தானின் நெஞ்சின்மேல் அக்கா விரித்த கோடுபோட்ட சட்டை என்னவென்று பலர் கேட்டீர்கள். பழைய உடுப்பு என்று சமாளித்தேன். அது, பந்தோடு ஓடிய நாட்களில் அத்தான் வேலைக்குப் போட்டுக்கொண்டு போன சட்டை.