கடைசி வெயிலில் காய்ந்த போர்வை

என் வீட்டுக்காரர் போட்டோகிராபர். பதினாறு வருஷமாகப் பாஸ்போர்ட் மூஞ்சிகளையும் கல்யாணக் கும்பலையும் எடுத்தே இடுப்பொடிந்தவர். இந்த வருஷம் நகராட்சிக் காலண்டர் அட்டைக்கு, மலைச்சரிவில் அடுக்கடுக்காக நிற்கும் எங்கள் பழைய ஊரைப் படமெடுக்கப் போட்டி வைத்தார்கள். ஜெயித்தால் படத்துக்குக் கீழே பெயர் போடுவார்கள். அந்த ஒரு வரிக்காக மனிதன் சோறு தண்ணி மறந்தார்.

எதிர்மலையில் ஸ்டாண்ட் போட்டுக் காத்திருக்க வேண்டும். சூரியன் இறங்கும்போது ஏழே நிமிஷம் ஊர் பொன்னாக நிற்குமாம். ஐந்து நாள் போனார். ஐந்து நாளும் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். படத்தின் நட்டநடுவில், ஒரு மொட்டைமாடியில், எவளோ ஒருத்தி நெருப்புச் சிவப்பில் ஒரு துணியைக் காயப்போட்டு உயிரை வாங்குகிறாளாம். அறிவுகெட்டவள் என்று நானும் சேர்ந்து திட்டினேன். எங்கள் வீட்டில் அப்படிப் பகட்டான துணியே கிடையாது.

ஆறாம் நாள்தான் கடைசி. தையல் கடையிலிருந்து வந்து, படுக்கையில் கிடக்கும் மாமியார் நனைத்த போர்வையை வழக்கம்போல் அலசி மாடியில் போட்டேன். கடைசி வெயில் எங்கள் மாடியில்தான் விழும். நாத்தனாரைக் காவல் வைத்துவிட்டு அவரோடு கிளம்பினேன்.

வெளிச்சம் வந்தது. "பாரு, அந்தச் சனியனை" என்று காமிராவைக் காட்டினார். பார்த்தேன். கைப்பிடிச்சுவர் உடைந்த மூலை. கவிழ்த்த பச்சை வாளி. வெளுத்துப்போன எங்கள் பழுப்புப் போர்வை அந்த வெயிலில் நெருப்புச் சிவப்பாகத் தகதகவென்று எரிந்தது.

"ஏங்க, அது நம்ம வீடுங்க."

"போடி. நம்ம வீடு எனக்குத் தெரியாதா?"

தெரியவில்லையே. ஊரில் எந்த ஜன்னலில் எப்போது வெயில் படும் என்று ஒப்பிக்கிற மனுஷன், தன் வீட்டு மாடிக்கு ஏறி வருஷக்கணக்காகிறது.

நாத்தனாருக்குப் போன் போட்டேன். அவள் ஆடி அசைந்து மாடியேறி, கிளிப்பை ஒவ்வொன்றாகக் கழற்றியதைக் காமிராவிலேயே பார்த்தோம். போர்வை போனது. வெயிலும் போனது. அவர் ஒரு படம்கூட எடுக்கவில்லை.

காலண்டரில் வேறு யார் பெயரோ வந்தது.

அதற்கடுத்த நாள் சாயங்காலம் நான் போர்வையை அலசிக்கொண்டிருந்தபோது மாடிக்கு வந்தார். மறுமுனையைப் பிடித்து முறுக்கினார். நான் முறுக்கிய பக்கமே அவரும் முறுக்கினார். ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. எத்தனை நாளாக இதை நான் ஒருத்தியே பிழிகிறேன் என்று அப்போதுதான் கேட்டார்.