இலை வாங்கப் போனவனும் மகளின் டாட்டூவும்

மொட்டைத் தலையில் பூசிய ஈரச் சந்தனத்தின் வாசனை... அதையும் தாண்டி ஒரு வீறிடல்.

மூத்த மகளுக்கு அப்போது பத்து மாசம். மாகறல் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. மாமன் மடியில் குழந்தை. பத்தர் கம்பியைக் கையில் எடுத்துவிட்டார்.

எனக்கு உள்ளங்கால் கூசியது.

"பந்திக்கு எலை பத்தாது போலகீது... வாங்கிக்கினு வந்துடறேன்" என்று யாரிடம் சொன்னேனோ தெரியாது. பைக்கை எடுத்துவிட்டேன்.

ஒரு கட்டு இலையோடு திரும்பி வந்தால், மரத்தடியில் ஏற்கெனவே மூன்று கட்டு கிடக்கிறது. குழந்தை அழுது ஓய்ந்து, இரண்டு காதிலும் சிவப்புப் புள்ளியோடு தூங்கிக்கொண்டிருந்தது.

மச்சான் மட்டும் விடவில்லை. "இன்னா மாப்ள, எலை கெடச்சுதா? கரெக்டா முடிஞ்சப்புறம் வந்துட்டியே!"

அன்றிலிருந்து நான் எங்கே நழுவினாலும் எங்கள் வீட்டில் அதற்கு ஒரே பெயர்தான். ஆஸ்பத்திரி, பரீட்சை ரிசல்ட், சொந்தத்தில் சண்டை... "எங்க உங்க வூட்டுக்காரரு?" என்று யாராவது கேட்டால், "எலை வாங்கப் போயிருக்காரு" என்பாள் மனைவி.

இத்தனைக்கும் நான் மோட்டார் ரீவைண்டிங் செய்கிறவன். பத்தாவதோடு படிப்பை முடித்துக்கொண்டு உத்திரமேரூரில் கடை போட்டவன். கரண்ட் தூக்கி எறிந்து, எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு டீ குடித்திருக்கிறேன். ஊசி என்றால் மட்டும்... ஆள் அங்கே இருக்க மாட்டேன்.

போன ஆயுத பூஜை லீவுக்கு ஒரகடத்தில் வேலை பார்க்கும் அந்த மூத்த மகள் கம்பெனி ஹாஸ்டலில் இருந்து வந்தாள். சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"ப்பா... டாட்டூ போட்டுக்கலாம்னு கீறேன்."

என்னால் உட்கார முடியவில்லை. கூடத்தில் நின்று, "ஒடம்புல போய் ஊசியால கிறுக்குவியா?" என்றேன். அடுப்படி வாசலில் நின்று, "சீழ் புடிச்சா இன்னா பண்ணுவ?" என்றேன். தெருவுக்குப் போய்த் திரும்பி வந்து, "நாளைக்குப் பொண்ணு பாக்க வரவன் இன்னா கேப்பான்?" என்றேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பீரோவில் இருந்து காதுகுத்து ஆல்பத்தை எடுத்து வந்து என் முன்னால் விரித்தாள்.

"இங்க பாரு. அம்மா கீறாங்க. மாமா கீறாரு. பத்தர் கீறாரு. சமையக்காரரு கூட கீறாரு. நீ எங்கப்பா?"

முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்காமல் சொன்னாள்: "எலைக்கட்டுக்குப் பின்னாடி தேடிப் பாருடி."

மகள் சிரிக்கவில்லை. "அன்னிக்கு என்னைக் கேட்டா குத்துனீங்க? நான் ஹாஸ்டல்லயே போட்டுக்கினு வந்திருப்பேன், உனக்குத் தெரிஞ்சே இருக்காது. எனக்கு பயமா கீதுப்பா. நீ கூட வந்து உக்காரு... அவ்ளோதான்."

பர்மிஷன் கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். இவள் துணை கேட்கிறாள்.

மறுநாள் காலையில் பைக்கில் கிளம்பினோம். மாகறலில் அந்தக் கோயில் திருப்பத்தைக் கொஞ்சம் வேகமாகவே கடந்தேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு மாடியில் கடை. இரண்டு கை நிறைய படம் வரைந்த ஒரு பையன். 'ரவுடி' என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். ரவுடி, "வாங்கய்யா, உக்காருங்க" என்று சேர் போட்டான். கிளவுஸ் மாட்டி, சீல் வைத்த பாக்கெட்டை என் கண் முன்னால் பிரித்து ஊசியைக் காட்டினான். எங்கள் பத்தர் கம்பியை வேட்டியில் துடைத்தார் என்று மச்சான் சொல்லிக் கேள்வி.

என்ன படம்? என் பெயராக இருக்குமோ என்று ஒரு நப்பாசை... இல்லை. மணிக்கட்டில் ஒரு தும்பி.

"எதுக்குடி தும்பி?"

"புடிச்சிருக்கு."

அவ்வளவுதான் காரணம். என் பெயரை விட அழகாகத்தான் இருந்தது.

மிஷின் ஓட ஆரம்பித்தது. பேரிங் போன மோட்டார் சத்தம். எழுந்தேன். தண்ணீர் குடித்தேன். ஏசியை அண்ணாந்து பார்த்தேன். கதவைத் திறந்து முதல் படியில் கால் வைத்துவிட்டேன்.

உள்ளே இருந்து குரல் வந்தது. "ப்பா... எலையா?"

திரும்பி வந்து உட்கார்ந்தேன். இன்னொரு கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். நகம் என் உள்ளங்கையில் பதிந்தது.

"வலிக்குதா? நிறுத்தட்டுமா?" என்றான் பையன்.

"நிறுத்துப்பா, நிறுத்து!" என்றேன் நான்.

"அவரு பேச்சைக் கேக்காதீங்கண்ணா. நான் சொன்னா நிறுத்துங்க" என்றாள் மகள்.

கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை அவன் கேட்டான். "ம்... போடுங்க" என்பாள். ஒரே ஒரு தடவை, "இருங்கண்ணா" என்றாள். அந்த நொடியே மிஷின் நின்றது. ரூம் முழுக்க அமைதி. அவள் மூச்சு விட்டுக்கொண்டாள். அப்புறம், "சரிண்ணா."

அந்த அமைதிதான் இன்னும் காதில் இருக்கிறது.

கோயிலிலும் அவள் 'இருங்க' என்றுதான் வீறிட்டிருப்பாள். பத்து மாசக் குழந்தைக்கு வேறு வார்த்தை ஏது? அவளுக்காக அதைச் சொல்ல வேண்டிய நான் மாகறல் பஸ் ஸ்டாப்பில் கிழியாத இலையாகப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

காதுகுத்து தப்பு என்று சொல்லவில்லை. இன்றைக்கும் ஜிமிக்கி இல்லாமல் அவள் வாசல் தாண்ட மாட்டாள். ஆனால் அன்றைக்கு அவளைத் தூக்கி அணைத்துக்கொள்ள என்னால் முடிந்திருக்கும்... நான் அங்கே இல்லை. இன்றைக்கு எங்கே நிறுத்துவது என்று அவளுக்கே தெரிகிறது. சும்மா பக்கத்தில் உட்காருவது மட்டும்தான் எனக்கு மிச்சமிருக்கும் வேலை. அதுதான் இந்தக் காலுக்குக் கஷ்டம்.

முடிந்ததும் பையன் போட்டோ எடுத்தான். மணிக்கட்டைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறாள் மகள். பக்கத்தில் நான்... வேர்த்து விறுவிறுத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு.

குடும்ப குரூப்பில் போட்டுவிட்டாள். உடனே மச்சானின் வாய்ஸ் மெசேஜ்: "இன்னா மாப்ள, கண்ணை மூடிக்கினு கீற?"

நானும் வாய்ஸ் மெசேஜே போட்டேன்.

"கண்ணுதான் மச்சான் மூடிகீது. ஆளு போட்டோவுல கீறேன் பாரு."