ஹமீதா அக்கா விற்க மறுத்த பாட்டில்

கடந்த மாதம் ஒரு காலை, மருந்துக்கடையின் ஷட்டரைத் தூக்கிவிட்டு நிமிர்ந்தபோது ஹமீதா அக்காவின் மகள் அழைத்தாள். "அத்த, உம்மா மௌத்தாயிட்டாவ. சுபுஹு தொழுதுட்டுப் படுத்தாவ, எந்திரிக்கல" என்றாள். வலியில்லாமல் போயிருக்கிறார் என்ற ஆறுதல்தான் எனக்கு முதலில் வந்தது. கவுன்டரில் இனி நான் தனியாக நிற்க வேண்டும் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

தென்காசியில் அவரிடம் மருந்து வாங்கியவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் பார்மசிஸ்ட், என்னைவிட மூன்று வயது மூத்தவர். பதினோரு வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். சத்து மாத்திரை கேட்டு யார் வந்தாலும், "இத யாரு சொன்னா? சொன்னவுகளே விக்குதாவளா?" என்று கேட்பார். செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு வந்த பலர் அந்தக் கேள்வியிலேயே சிரித்துவிடுவார்கள்.

ஒருநாள் ஆய்க்குடியிலிருந்து முத்துலட்சுமி என்ற பெண் வந்தாள். துபாயிலிருந்து கணவர் அனுப்பிய வைட்டமின் டி மாத்திரை தீர்ந்துவிட்டதாம். காலி பாட்டிலை நீட்டி, அதேபோல் ஒன்று கேட்டாள்.

"யாருக்கும்மா?" என்றார் அக்கா.

"எங்க மாமியாருக்கு. எந்நேரமும் அசந்து கெடக்காவ. தண்ணி தண்ணிங்காவ, சோறு எறங்க மாட்டேங்கு. சத்து பத்தலன்னு எங்க வீட்டுக்காரவுக சொல்லுதாவ."

"அவுகளுக்கு வேற என்ன மருந்து குடுக்க?"

"முட்டுவலிக்கு டாக்டர் எழுதின பவுடரு. தெனமும் பால்ல கலக்கிக் குடுக்கேன்."

அக்காவின் முகம் மாறியது. அந்தப் பவுடரும் அதே வைட்டமின்தான். அதுவும் வாரத்துக்கு ஒரு பாக்கெட் மட்டும் சாப்பிட வேண்டியது.

"இத நான் தர மாட்டேன்."

"கடையில வச்சிக்கிட்டே இல்லங்கியளே!" என்று முத்துலட்சுமி சத்தம் போட்டாள். நின்றிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளிக்கு முகம் சுருங்கிவிட்டது. அவள் வேறு கடைக்குக் கிளம்ப, அக்கா கவுன்டரைவிட்டு வெளியே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோவப்படாத தாயி. அந்தப் பவுடரும் இந்த மாத்திரையும் ஒண்ணுதான், அளவு மிஞ்சிப்போச்சு. வீட்டுல இருக்க எல்லா டப்பாவையும் ஒரு பையில போடு. மாமியார இன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. நானும் வாரேன்."

அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவளோடு ஆட்டோவில் ஏறிப்போனார். பரிசோதித்ததில், வைட்டமின் டி மிஞ்சியதால் அந்த அம்மாளின் ரத்தத்தில் கால்சியம் அளவுக்கு மீறி இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் சிறுநீரகம் கெட்டிருக்கும் என்றாராம் டாக்டர். ஆஸ்பத்திரியில் சேர்த்து வைத்தியம் செய்ததில் தெளிந்து வீடு திரும்பினார்.

மகன் துபாயிலிருந்து கடைக்கு போன் செய்து அழுதார். "நல்லதுன்னு நெனச்சுத்தான அனுப்பினேன்" என்றார். "பாசத்துலதான் அனுப்பினிய தம்பி. அடுத்த தடவ அனுப்புததுக்கு முன்னால டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த சீட்டை வாங்கிக்கொண்டார் அக்கா.

அவர் மாத்திரைகளுக்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். பாவூர்சத்திரத்தில் கர்ப்பிணி ஒருத்தி, எல்லாம் கெமிக்கல் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தியிருந்தாள். அவள் மறுபடி தொடங்கும்வரை வாரம் தவறாமல் போன் போட்டார். பிறந்த குழந்தையைக் கடைக்கே தூக்கி வந்து காட்டினாள் அவள்.

சாரல் காலத்தில் நாங்கள் குற்றாலம் போவோம். அவர் குளிக்க மாட்டார், ரம்புட்டான் வாங்கித் தின்பார். "இதுல என்ன வைட்டமின்க்கா இருக்கு?" என்று ஒருமுறை சீண்டினேன். "இனிப்பு இருக்கு. பேசாமத் தின்னு" என்றார்.

போன வாரம் ஒருவர், முடி கொட்டுவதற்கு மாத்திரை என்று போனில் ஒரு படத்தைக் காட்டி, சர்க்கரை மாத்திரையோடு இதைச் சாப்பிடலாமா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். ஹமீதா அக்கா அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை; தெரியாததைத் தெரியாது என்றே சொல்லி, டாக்டரிடம் கேட்டுச் சொல்வார். "தெரியல அண்ணாச்சி, டாக்டர்ட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்றேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு வரிதான். கூசாமல் சொல்ல முடிந்தது. வந்தவரும் கோபித்துக்கொள்ளவில்லை. "கேளுங்க, நான் இருக்கேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்தார்.