அக்கா ஏற்றுக்கொண்ட பழி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அக்காவின் ஓராண்டு நினைவு நாளில், தங்கை எழுதுவது.

அக்கா வள்ளியூர்ப் பக்கம் பிறந்தவர். அப்பாவுக்கு ஆரியசாலை மண்டிகளில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்ததும் எங்கள் குடும்பம் திருவனந்தபுரம் வந்தது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின் என்னை நர்சிங் படிக்க வைத்தவர் அக்காதான். திருமணமான பிறகும் என்னைத் தன்னோடே வைத்துக்கொண்டார்.

ஞாயிறுதோறும் அக்கா மாட்டெலும்பு சூப்பு வைப்பார். விடிந்ததும் முழங்கால் எலும்பு வாங்கி வந்து, வெட்டுகத்தியின் பின்புறத்தால் ஓங்கி அடித்துப் பிளப்பார். முதல் கொதியில் பொங்கும் அழுக்கு நுரையை வழித்து எறிவார். சின்ன உள்ளி, இஞ்சி, பூண்டு, மிளகு, மல்லி தட்டிப் போட்டு, நண்பகல்வரை சிறுதீயில் விடுவார். எல்லாம் அத்தானுக்காக. டைல்ஸ் பதித்துப் பதித்து அவருக்கு முட்டு வலி. அந்தச் சூப்பைக் குடித்துத் தெம்பான கையால்தான் அவர் அக்காவை அடிப்பார். காது கிழிந்திருக்கிறது. பல் ஒன்று போயிருக்கிறது. கேட்பவர்களிடம் படியில் விழுந்ததாகச் சொல்வார் அக்கா.

நான் வேலையில் சேரப் பத்து நாள் இருந்தபோது ஒரு ஞாயிறு. அத்தான் குடித்துவிட்டு வந்தார். சூப்பு இன்னும் இறக்கவில்லையா என்று கேட்டார். கொஞ்ச நேரம் ஆகும் என்று அக்கா சொன்னதும் கையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கினார். எலும்பு உடையும் சத்தம் எனக்குத் தெரியும். அன்று காலையில்தான் கேட்டிருந்தேன். அதே சத்தம் அக்காவின் கையிலிருந்து வந்தது. அவர் விடவில்லை. தலைமுடியைப் பற்றித் தரையில் சாய்த்து, தன் மறு கையை வெட்டுகத்தியை எடுக்க நீட்டினார்.

நான் துணியைப் பிடித்துச் சட்டியைத் தூக்கி அவர் முதுகில் கவிழ்த்தேன்.

ஆம், கவிழ்த்தது நான். தோல் சட்டையோடு உரிந்தது. அவர் அலறிய அலறலில் சந்தே கூடிவிட்டது. ஒடிந்த கை தொங்க, மறு கையால் வாளித் தண்ணீரை எடுத்து அவர்மேல் ஊற்றிக்கொண்டிருந்தார் அக்கா. ஊற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

“நீ வாயத் தொறக்காத. செஞ்சது நாந்தான். என் கைதான் போச்சு, ஒன் வேலையும் போணுமா?”

ஒடிந்த கையோடு சட்டியைத் தூக்கியது எப்படி என்று போலீஸ் கேட்டது. முதலில் தான் ஊற்றியதாகவும், அதனால்தான் கணவர் கையை ஒடித்தார் என்றும் அக்கா சொன்னார். அத்தான் மறுக்கவில்லை. அந்தப் பொய்யில் அவர் ஒடித்த கைக்கு நியாயம் கிடைத்துவிட்டது. நான் வாய் திறக்கவில்லை.

அக்கா பதினேழு நாள் சிறையில் இருந்தார். நான் வேலையில் சேர்ந்தேன். உடம்பு தேறியதும் அத்தான் ஊருக்குப் போய்விட்டார்; சாட்சி சொல்ல வராததால் வழக்கு தள்ளுபடியானது. ஆனால் நம் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கும் அக்காவை யாரும் அழைக்கவில்லை. மாமா வீட்டுச் சடங்குக்கு அவர் தானாகவே போனபோது வாசலிலேயே நிறுத்தினார்கள். கோணலாகச் சேர்ந்த அந்தக் கையோடு கட்டட வேலைக்காரர்களுக்குச் சூப்பு விற்றுப் பிழைத்தார்.

கடைசி நாட்களில் என் வீட்டில்தான் இருந்தார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று கெஞ்சினேன். “நான் இருக்கும்போ வேண்டாம். ஒன்ன வாசல்ல நிறுத்துறத என்னால பாக்க முடியாது” என்றார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

என் கணவரிடமும் மகளிடமும் சொல்லிவிட்டுத்தான் இதை அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன்.

அன்று அக்காவை மருத்துவமனைக்குக் கொண்டுபோன பக்கத்து வீட்டு ஆட்டோக்கார அண்ணனுக்கும், சிறையிலிருந்து வந்த வாரமே எலும்பு கொடுத்து அடுப்பைப் பற்றவைக்கச் சொன்ன இறைச்சிக் கடைக்காரருக்கும், யார் பேச்சையும் கேட்காமல் அக்காவைத் தன் வீட்டுப் பந்தியில் உட்கார வைத்த சின்ன அத்தைக்கும் எங்கள் நன்றி. மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இனி யாரையாவது வாசலில் நிறுத்த வேண்டுமென்றால் என்னை நிறுத்துங்கள். அக்காவின் படத்தை உள்ளே வையுங்கள்.