பனியில் எடுத்த பாஸ்போர்ட் போட்டோ

அந்த ஊரில் பாதிப் பேருடைய அடையாள அட்டையில் இருக்கும் முகத்துக்கு அவர்தான் பொறுப்பு. பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் அவருக்குத் தெருவில் 'அசையாதீங்க' என்றுதான் பெயர். ஆளை ஸ்டூலில் உட்காரவைத்து, தாடையை நிமிர்த்தி, காது தெரிகிறதா என்று பார்த்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, கடைசியில் "அசையாதீங்க" என்று ஒரு அதட்டல் போடுவார். சிரித்துக்கொண்டே உள்ளே போனவர்கள், படத்தில் போலீஸ் தேடும் ஆள் மாதிரி இருப்பார்கள். அதில் அவருக்குப் பெருமை வேறு.

இப்பேர்ப்பட்ட மனுஷருக்கு, மலைமேல் உள்ள தேசியப் பூங்காவுக்குப் போய், பனியில் நிற்கும் கலைமானைப் படம் பிடிக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. வந்த ஆசையை மனசோடு வைத்துக்கொண்டிருக்கலாம். எதிர்க்கடை பேக்கரிக்காரரிடம் வாயை விட்டார்.

"ஏன் சார், மான் வந்து ஸ்டூல்ல உட்காருமா?" என்று கேட்டுவிட்டு அவர் ஒரு நமட்டுச் சிரிப்பு சிரித்தார்.

இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஸ்டுடியோ வாசல் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெரிய சட்டத்திலிருந்து பழைய குழந்தைப் படத்தை உருவிவிட்டு, காலிச் சட்டத்தை மாட்டினார். மான் படத்தோடு வந்துதான் அதை நிரப்புவேன் என்று சொல்லிவிட்டு மனைவியோடு பஸ் ஏறினார். வெறுங்கையோடு திரும்பினால் தெருவில் தலைகாட்ட முடியாது.

மனைவிக்கு இந்த வீறாப்பெல்லாம் கிடையாது. எங்கேயாவது போய் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டும் என்று கல்யாணமான புதிதிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போதுதான் வாய்த்தது. விடுதியறை ஜன்னலோரம் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு எல்லாமே கண்ணில் பட்டது. வெளியே பனியில் முயல் ஓடிய தடம், கிளையில் பந்து மாதிரி உப்பி உட்கார்ந்திருந்த குருவி, உறைந்த ஓடையில் தண்ணீர் தேடி ஏமாந்த வாத்து. அவர் லென்ஸ் மாட்டி முடிப்பதற்குள் எல்லாம் போய்விடும். ஒரு நரி மட்டும் பெரிய மனசு பண்ணி ஓடையோரம் நின்றது. அதற்கு ஒரு காது மடங்கியிருந்தது. காது நிமிரட்டும் என்று அவர் காத்திருந்தார். நரிக்கு வேறு வேலை இருந்தது.

கடைசி நாள் காலையும் வந்தது. மான் வரவில்லை. பெட்டியெல்லாம் கட்டியாயிற்று. பேக்கரிக்காரர் முகம் கண்முன் வந்து நின்றது. வெறுத்துப்போய்ச் சுற்றும் முற்றும் பார்த்தவருக்கு ஒன்று தோன்றியது. எங்கே பார்த்தாலும் ஒரு மாசு மருவில்லாத வெள்ளை. இதைவிட நல்ல பின்னணி ஸ்டுடியோவில் ஏது? மனைவியின் அடையாள அட்டையை எப்படியும் புதுப்பிக்க வேண்டும். வந்ததற்கு அதுவாவது ஆகட்டும் என்று, ஒரு பனிமேட்டின் முன்னால் அவளை நிறுத்தினார். தாடையை நிமிர்த்தினார். அசையாதே என்று அதட்டிவிட்டுக் கேமராவுக்குள் குனிந்தார்.

அவள் பார்வை அவர் தோளைத் தாண்டிப் போனது. வாய் மெல்லத் திறந்தது.

"இங்க பாரும்மா. வாயை மூடு. அந்தக் கண்ணாடியைக் கழட்டு, வெளிச்சம் அடிக்குது."

"மாட்டேன்," என்றாள் உதடு அசையாமல்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கேமரா முன்னால் அவள் சொன்ன முதல் 'மாட்டேன்' அது. திகைப்பில் விரல் பொத்தானை அழுத்திவிட்டது. ஏதோ சரசரத்தது. திரும்பிப் பார்த்தார். ஒரு கிளையிலிருந்து பனி உதிர்ந்துகொண்டிருந்தது. கீழே, அவருக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில், புதுக் குளம்புத் தடம்.

"சொல்லக்கூடாதா?"

"நீங்கதானே அசையாதேன்னீங்க. கண்ணாடியைக் கழட்டினா எனக்கு மான் எங்க தெரியும்?"

பஸ்ஸில் வழி நெடுக அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். அவளோ ஜன்னல் பக்கம் திரும்பித் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

ஊருக்கு வந்ததும், அந்தப் படத்தை அழித்துவிடலாம் என்றுதான் கம்ப்யூட்டரில் திறந்தார். எந்த ஆபீஸிலும் வாங்க மாட்டார்கள். வாய் திறந்திருக்கிறது, கண் விரிந்திருக்கிறது, மூக்குக்கண்ணாடியின் இரண்டு பக்கமும் பளீரென்று வெளிச்சம். எவ்வளவு கெட்டிருக்கிறது பார்ப்போம் என்று பெரிதாக்கினார். அந்த வெளிச்சத்துக்குள் கேமராவோடு குனிந்திருக்கும் குட்டி மனிதர் ஒருவர். அவருக்குப் பின்னால், கிளை கிளையாய்க் கொம்போடு கலைமான்.

துள்ளிக் குதித்திருக்க வேண்டியவர், படத்தைச் சிறிதாக்கி மறுபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ தடவை படம் எடுத்த முகம். இவ்வளவு சந்தோஷம் அதில் இருக்கும் என்று அவருக்குத் தெரியாமலே போயிருந்தது.

மறுநாள் சட்டம் நிரம்பியது. பேக்கரிக்காரர் வந்து நின்று, இது உங்க வீட்டம்மா, மான் எங்கே என்று கேட்டார். இவர் படத்தில் அவள் மூக்குக்கண்ணாடியைக் காட்டினார். பேக்கரிக்காரர் வாசல் கண்ணாடிமேல் மூக்கு இடிக்கக் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"உங்க தலையிலதான் சார் கொம்பு முளைச்ச மாதிரி இருக்கு," என்றார். ஆனால் போகும்போது சிரிக்கவில்லை. அந்தப் பூங்காவுக்கு எந்த பஸ் போகிறது என்று கேட்டுக்கொண்டு போனார்.

அட்டைக்குப் படம் இன்னும் பாக்கி இருந்தது. சாயங்காலம் மனைவி ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். பழகியவள், தானாகவே கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்து, காதோரம் முடியை ஒதுக்கி, வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

அவர் கேமராவுக்குள் குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை.

"கண்ணாடியைப் போட்டுக்கோயேன்," என்றார். "கொஞ்சம் சிரி."

"ஆபீஸ்ல வாங்க மாட்டாங்க."

"வாங்காட்டிப் போகட்டும்."