ரசீது கேட்டேன்

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். எனக்குக் கோபம் வராது. வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால், "போய்யா, வேற வேலை இல்லையா" என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த ரசீதை என் கையால் வாங்கியவன் நான்.

ஆஸ்பத்திரித் துணிகளைச் சலவைக்குக் கொண்டு போகும் வேனில் நான் டிரைவர். வேன் என் மனைவியின் அண்ணனுடையது. ஓட்டுநர் சங்கத்தில் அச்சடித்துக் கொடுத்த அட்டை ஒன்றை ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தேன். போலீஸ் நிறுத்தினால் நமக்கு என்னென்ன உரிமை என்று அதில் இருக்கும். படிக்காத காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. லைசென்ஸை எடுத்துக்கொண்டால் ரசீது கேள். நான் அதை மனப்பாடமாக ஒப்பிப்பதால் எல்லாரும் என்னை 'வக்கீல்' என்றே கூப்பிடுவார்கள். அதிகம் கிண்டல் செய்தது மச்சான்தான்.

அன்று மாலை அவரும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நல்ல மழை. கல்குவாரி வளைவில் திரும்பும்போது விசில் சத்தம் கேட்டது. கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. ஆனாலும் அந்தச் சத்தம் வெளியிலிருந்து வந்தது போல இல்லை... வண்டிக்குள்ளேயே யாரோ ஊதியது போல இருந்தது.

மணி பார்த்தேன். 6.42.

சாலையோரம் ஒரு டிராபிக் போலீஸ்காரர் கையைக் காட்டிக்கொண்டு நின்றார். தடுப்பு இல்லை. பைக் இல்லை. துணைக்கு இன்னொருவரும் இல்லை.

"நிறுத்தாதீங்க மாப்ள, போங்க போங்க" என்று மச்சான் என் தொடையைப் பிடித்து அழுத்தினார். அதற்குள் நிறுத்திவிட்டேன். இருபதடி தள்ளி நின்றவர், கண்ணை மூடித் திறப்பதற்குள் என் ஜன்னலில் இருந்தார்.

கண்ணாடியை இறக்கினேன். மழை கொட்டுகிறது. அவர் தொப்பி நனையவில்லை.

"எட்டாம் தேதி. இதே நேரம். இந்த வண்டியை ஓட்டினது யாரு?"

எட்டாம் தேதி எனக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். படுக்கையை விட்டே எழவில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

மச்சான் முந்திக்கொண்டார். "இவர்தான் சார்."

எனக்குக் காது அடைத்துப் போனது. பத்து வருஷமாக ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாக அலைந்த மனுஷன். ஒரு நொடி தயங்கியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். என்றைக்கோ தயார் செய்து வைத்த பதிலைப் போலச் சொன்னார்.

போலீஸ்காரர் ஒரு காகிதத்தை நீட்டினார். அதில் ஓர் எழுத்துகூட இல்லை.

"அப்போ கையெழுத்து போடு."

"போடுங்க மாப்ள. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"என்னத்தைப் பாத்துப்பீங்க?"

"நீங்க இல்லாட்டியும் தங்கச்சிக்கு ஒரு குறையும் வராது."

பழியை என் மேல் போட்டு என்னை உள்ளே தள்ளப் பார்க்கிறார் என்று புரிந்துவிட்டது. அட்டையில் இருந்ததுதான் வாயில் வந்தது.

"வெத்துப் பேப்பர்ல கையெழுத்து போட மாட்டேன் சார். அதுக்கு எனக்கு உரிமை இருக்கு."

அவர் என்னையே பார்த்தார். இமைக்கவில்லை. பிறகு மெல்லத் தலையாட்டினார்.

அடுத்த நொடி மச்சான் பக்கம் நின்றார்.

அந்தப் பக்கக் கண்ணாடி ஏற்றித்தான் இருந்தது...

ஆனால் மச்சானின் லைசென்ஸ் அவர் கையில் இருந்தது.

மச்சான் சட்டைப் பையைத் தடவினார். காலி.

அப்போதும் என் பழக்க தோஷம் விடவில்லை.

"ச... சார்... ரசீது..."

அவர் எழுதினார்.

சர்ர்... கிழிக்கும் சத்தம்.

தாள் என் மடியில் கிடந்தது.

ஒரு சொட்டு ஈரமில்லை.

திரும்பி நடந்தார். அப்போதுதான் காலைப் பார்த்தேன்.

ஒரு காலில்தான் பூட்ஸ்.

மணி... அப்போதும் 6.42.

வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். நடந்ததைக் கேட்ட என் மனைவி, "அண்ணன் சொல்றபடி கேளுங்க. அந்த ரசீதைக் கிழிச்சுப் போட்டுடுங்க" என்றாள். அண்ணன் மேல் உள்ள பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பத்தேகாலுக்கு ஸ்டேஷனுக்குப் போனேன். மச்சான் என்னை எதில் மாட்டிவிடப் பார்த்தார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். ரசீது எண்ணைப் பார்த்த இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். எட்டாம் தேதி மாலை அந்த வளைவில் பணியிலிருந்த போலீஸ்காரரை ஏதோ ஒரு வண்டி மோதிவிட்டு, நிற்காமல் போயிருக்கிறது. அங்கேயே உயிர் போய்விட்டது. அவர் சட்டைப் பையில் இருந்த ரசீதுப் புத்தகத்தை அன்றே உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்துவிட்டார்களாம்.

என் கையில் இருந்தது அந்தப் புத்தகத்தின் எண்.

உறையைக் கொண்டு வந்தார்கள். முத்திரை அப்படியே இருந்தது. என் கண்ணெதிரேதான் உடைத்தார்கள்.

உள்ளே புத்தகம். அதற்குள் மச்சானின் லைசென்ஸ்.

கடைசியாக எழுதிய பக்கத்தில் என் ரசீதின் கார்பன் நகல் இருந்தது. ஓட்டியவர் என்ற இடத்தில் மச்சான் பெயர். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி. என்னிடம் இருந்த தாளில் அந்த வரி இல்லை.

இன்ஸ்பெக்டர் அதில் விரலை வைத்தார். "அன்னிக்கு வண்டியில கூட இருந்தவங்கன்னு ஒரு பொம்பளை பேரு எழுதியிருக்கு. யாரு இவங்க, தெரியுமா?"

தெரியும். என் மனைவி. எட்டாம் தேதி ராத்திரி முழுக்க என் நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு அழுதாள். எனக்காக அழுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.