சுருட்டி மறைத்த இழை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாதம், சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நடந்தது இது. நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். ஆட்டையாம்பட்டி பக்கம் விசைத்தறியில் நாற்பது வருட வேலை. நாலு பேர் இருந்தால் எனக்குப் பேச்சே வராது. மார்பில் கட்டி வந்ததைக்கூடக் கூச்சத்தில் எட்டு மாதம் சேலைக்குள் மூடிக்கொண்டே தறி ஓட்டினேன்.

ஆபரேஷன் முடிந்து, கொட்டிய முடி திரும்ப முளைத்த பிறகு, டாக்டரம்மா என்னையும் என் மகளையும் கூப்பிட்டார். என் ரத்தத்தில் பிறவிக் குறை ஒன்று தெரிகிறதாம். மகளுக்கும் இருக்கலாம், அவளும் ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. கட்டிக் குடுக்க ரெண்டு பொண்ணு வெச்சிருக்கறேன். பரம்பரை நோவுன்னு தெரிஞ்சா யாருங்க கேட்டு வருவாங்க?" என்று மகள் பையோடு எழுந்துவிட்டாள்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நூல் மாதிரி ஒன்று சுற்றியிருக்கிறதாம். அது தினமும் அங்கங்கே அறுமாம். சரிபண்ணும் ஆட்களும் உள்ளேயே உண்டாம். எனக்கு அதில் ஓர் ஆள் பிறவியிலேயே சரியில்லையாம். விட்டுப்போன தப்புகள் சேர்ந்துதான் கட்டியாகிறதாம்.

நூல் என்றதும் என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்கம்மா, இறுக்கிச் சுத்தின எடத்துல அறுந்தா அந்த ஆளு எப்படீங்க உள்ள கைய உட்டுச் சரிபண்ணுவாரு?"

அவர் பேனா நின்றது. "ஆராய்ச்சி பண்றவங்க கேக்கற கேள்விங்க இது. தளர்வா இருக்கற எடத்துல சுலபமா சரிபண்ணிடும். இறுகின எடத்துல தப்பு அதிகமா தங்கிப்போகும்" என்று சிரித்தார்.

மகள் என்னையே பார்த்தபடி நின்றாள். இறுகின இடத்தில் தப்பு தங்கிவிடும் என்றதும் எனக்குப் பழையது ஒன்று ஞாபகம் வந்தது. தறிக்குப் புதிதாகப் போன நாளில், நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் ஓர் இழை அறுந்ததைப் பார்த்தும், முதலாளி திட்டுவாரென்று பிணைக்காமல் ஓட்டி, துணியைச் சுருட்டிவிட்டேன். மடிக்கப் பிரித்தபோது நீளம் முழுக்கக் கோடு. மொத்தமும் கழிவுக்குப் போனது. அதை மகளிடம் சொல்லிவிட்டுக் கேட்டேன்.

"சுருட்டி வெச்சா தப்பு போயிருமா சாமி? அன்னைக்குத் துணியில மறைச்சேன், இப்பக் கட்டிய மறைச்சேன். நீ மறைக்காத. பொண்ணுகளக் கட்டிக் குடுக்க மொதல்ல நீ இருக்கோணுமில்ல?"

மகள் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து கையை நீட்டினாள்.

அந்தக் குறை அவளுக்கும் இருந்தது. ஸ்கேனில், கைக்குத் தட்டுப்படாத ஒரு சின்னக் கட்டி. பரவுவதற்கு முன்பே எடுத்தாயிற்று. போன தை மாதம் மூத்த பேத்திக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரிடம் எல்லாவற்றையும் முதல் நாளே சொன்னது நான்தான். அவர்கள் மறுபேச்சில்லாமல் பூ வைத்தார்கள். பந்தியில் இலை இலையாக விசாரித்து ஓடிக்கொண்டிருந்தது என் மகள்.

நாற்பது வருடம் நான் நெய்ததெல்லாம் யார் யார் வீட்டுக்கோ போய்விட்டது. அன்று கூச்சம் மறந்து கேட்ட அந்த ஒரு கேள்வி மட்டும் என் மகளாக என் கண்ணெதிரே நடமாடிக்கொண்டிருக்கிறது.